சாலையைக் காக்கும் எடை மேடை

கொல்கத்தா நகரின் வட பகுதியில், இருப்புப் பாதைகளுக்கு மேலாகச் செல்லும் டாலா பாலம், ஷ்யாம்பஜார் பகுதியையும் பாரக்பூர் டிரங்க் சாலையையும் இணைக்கின்றது. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், 3 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டிகள் அப்பாலத்தின் மீது செல்லலாகாது என்று விதிக்கப்பட்டது. அதனால் லாரிகள் மட்டுமன்றி நகரப் பேருந்துகளும் சுற்று வழியிற் செல்ல நேர்ந்தது. 2020இல் பழைய பாலம் இடித்து அகற்றப்பட்டது. புதிய பாலம் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் வட கொல்கத்தாவின் போக்குவரத்து வேறு தெருக்களின் மீது விழுந்தது.

அப்பாலம் நலிந்தமைக்கு முதுமை முக்கியமான காரணம். ஆயினும் இந்நிகழ்ச்சியில் ஒரு பாடம் உண்டு. பாலமோ சாலையோ நலிந்த பிறகு, அதிகாரிகளின் கையில் எஞ்சும் மருந்து எடைக்கு வரம்பு கட்டுவது ஒன்றே. அம்மருந்தை நலிவு தோன்றுமுன்னரே அளவறிந்து கொடுக்கும் நிலையமே எடை மேடை. அது எவ்வாறு தொழிற்படுகின்றது, எப்பொழுது பயன் தருகின்றது, எப்பொழுது பயனற்றுப் போகின்றது என்பவற்றை இப்பாடத்திற் காண்போம்.

சாலை எவ்வாறு தேய்கின்றது?

தார்ச் சாலை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல அடுக்குகளால் ஆனது. மேலே தார் கலந்த சல்லி. அதன் கீழ்க் கருங்கல் சல்லி அடுக்குகள். எல்லாவற்றிற்கும் கீழே இறுக்கப்பட்ட அடிமண். சக்கரம் உருளும்பொழுது மேலடுக்குச் சிறிது வளைந்து மீள்கின்றது. வளையும்பொழுது அதன் அடிப்பக்கம் இழுபடுகின்றது. இவ்விழுப்புப் பன்முறை நிகழ்ந்தால் அடியில் வெடிப்புத் தோன்றி மேல்நோக்கிப் பரவும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் அது ஒடிவதைப் போன்றதே இது. மேலும், சக்கரத்தின் அழுத்தம் அடிமண்ணையும் சிறிது சிறிதாக அமிழ்த்துகின்றது. அதனால் சக்கரத் தடத்தில் நீளவாட்டமான பள்ளம் விழுகின்றது. வெடிப்பு, தடப் பள்ளம் ஆகிய இவ்விரண்டையும் கருதியே இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் நிறுவனம் தார்ச் சாலைகளின் கனத்தை வகுத்துள்ளது.

சாலையின் மீது ஓரிடத்தில் விழும் பாரம் வண்டியின் மொத்த எடையன்று. ஓர் அச்சின் எடையே. ஆகவே சாலைக் கணக்கில் அச்சின் பாரமே அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. நான்கு சக்கரங்கள் பூட்டிய ஒற்றை அச்சில் 8.16 டன் பாரம் இருப்பின் அது ஒரு தரநிலை அச்சு எனப்படும். ஒரு சாலை பழுதுபடுமுன் இத்தகைய தரநிலை அச்சுகள் எத்தனை அதன்மீது உருளலாம் என்று கணித்தே சாலை அமைக்கப்படுகின்றது.

நான்காம் படி விதி

அமெரிக்க நாட்டின் இலினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்னும் ஊருக்கு அருகில், 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சாலைப் பரிசோதனை நடைபெற்றது. வெவ்வேறு கனமுள்ள சாலைத் துண்டுகளை வளையங்களாக அமைத்து, வெவ்வேறு பாரம் ஏற்றிய லாரிகளை அவற்றின் மீது இடைவிடாது ஓட்டினர். பதினொரு லட்சத்திற்கும் மேற்பட்ட முறை அச்சுகள் உருண்டபின் கிடைத்த முடிவு யாவரையும் சிந்திக்கச் செய்தது. அச்சின் பாரம் இருமடங்கானால் சேதம் இருமடங்கோடு நிற்பதில்லை. ஏறக்குறைய பதினாறு மடங்காகின்றது. அதாவது, சேதம் பாரத்தின் நான்காம் படியை ஒட்டி வளர்கின்றது. மண்ணையும் சாலையின் அமைப்பையும் பொறுத்து இப்படி எண் சிறிது மாறக்கூடும். நம் நாட்டுச் சாலைக் கணக்குகளில் நான்கு என்றே கொள்ளப்படுகின்றது.

இவ்விதியைச் சில எண்களாற் காண்போம். 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசு அச்சுப் பார வரம்பை உயர்த்தியது. அதன்படி நான்கு சக்கர ஒற்றை அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன் ஆயிற்று. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆயிற்று. 10.2 டன் அச்சு ஒருமுறை உருண்டால் 2.4 தரநிலை அச்சுகள் உருண்டதற்குச் சமம். 11.5 டன் அச்சு ஏறக்குறைய 3.9 அச்சுகளுக்குச் சமம். அதே அச்சில் 16 டன் ஏற்றினால் அது ஏறக்குறைய 15 அச்சுகளுக்குச் சமமாகின்றது. சட்டம் அனுமதித்த பாரத்தைவிடக் கூடியது நூற்றுக்கு 39 பங்கு. சேதமோ நான்கு மடங்கை நெருங்குகின்றது.

இதற்கு மறுதலையாக, அரை டன் பாரமுள்ள ஒரு மோட்டார்க் காரின் அச்சு ஏறக்குறைய 70,000 முறை உருண்டால்தான் ஒரு தரநிலை அச்சின் சேதம் உண்டாகும். ஆகவே சாலையைத் தேய்ப்பவை கார்களும் ஸ்கூட்டர்களும் அல்ல என்பது தெளிவு. நூற்றுக்கணக்கான லாரிகளில் அளவு மீறிய சிலவே சேதத்தின் பெரும் பங்கை விளைவிக்கக்கூடும். அந்தச் சிலவற்றைக் கண்டறிவதே எடை மேடையின் வேலை.

இதே விதி ஒரு நல்வழியையும் காட்டுகின்றது. மூன்று அச்சு லாரியின் பின்புறத்தில் அடுத்தடுத்துள்ள இரட்டை அச்சுக்கு 21 டன் வரை அனுமதி உண்டு. அதனால் விளையும் சேதம், இரண்டு அச்சு லாரியின் 11.5 டன் பின்னச்சால் விளையும் சேதத்தைவிட மிகுதியன்று. ஏறக்குறைய பத்து டன் கூடுதலாகச் சென்றும், பாரம் இரண்டு அச்சுகளிற் பகிரப்படுவதால் சாலை அதனைத் தாங்குகின்றது. மிகுந்த சரக்கைக் கொண்டு செல்ல விரும்புவோர்க்குச் சாலை கூறும் விடை, அச்சைக் கூட்டுக என்பதே.

பாலங்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஒரே கண்ணில் பல அச்சுகள் ஒருங்கே நிற்கக் கூடுமாதலால், அங்கு மொத்த எடையும் அச்சுகளுக்கு இடையேயுள்ள தூரமும் சேர்த்துக் கருதப்படும்.

கொல்கத்தாவின் நிலை

கொல்கத்தா, கங்கையின் வண்டல் நிலத்தில் அமைந்த நகரம். அடிமண் பெரும்பாலும் களிமண். மழைக்காலத்தில் நெகிழும் இயல்புடையது. மேலடுக்கில் ஒருமுறை வெடிப்பு விழுந்துவிட்டால் அதன் வழியே நீர் இறங்கி, அடிமண்ணின் வலிமை குன்றி, அடுத்து வரும் லாரி அவ்விடத்தைக் குழியாக்கிவிடும். வெயிற்காலத்தில் வெடிப்பு, மழைக்காலத்தில் குழி என்பதே அங்கு ஆண்டுதோறும் காணப்படும் வரிசை.

இத்தகைய நிலத்தின் மீது பாரம் பல திசைகளிலிருந்து வருகின்றது. ஆக்ராவிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 19 டான்குனி வழியாகவும், தெற்கிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 16 தூலாகட் வழியாகவும் நகரை நெருங்குகின்றன. கித்தர்ப்பூர், நேதாஜி சுபாஷ் ஆகிய கப்பல் துறைகளின் சரக்குப் பெட்டகங்கள் 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவின் மீதும், அதனை அடுத்துள்ள கோனா விரைவுச் சாலையின் மீதும் செல்கின்றன. வடகிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெட்ராபோல் எல்லைச் சாவடிக்கு வங்காளதேசச் சரக்கு லாரிகள் செல்கின்றன. கோனா சாலையிலுள்ள சாந்த்ராகாச்சி மேம்பாலத்தின் விரிவு இணைப்புகளை மாற்றுவதற்காக, 2022ஆம் ஆண்டின் இறுதியில் பல வாரங்கள் அங்குப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு பாலத்தில் சில இணைப்புகளைப் பழுது பார்ப்பதற்கே நகரின் மேற்கு வாயில் குறுக வேண்டியதாயிற்று.

மற்றொன்றும் கருதத்தக்கது. வண்டல் நிலத்தில் கருங்கல் இல்லை. சாலைக்கு வேண்டிய சல்லி பீர்பூம் மாவட்டத்துக் கல் குவாரிகளிலிருந்தும், ஜார்க்கண்ட் மாநிலத்துப் பாகுர்ப் பகுதியிலிருந்தும் வர வேண்டும். சல்லியும் மணலும் கன அளவால் விற்கப்படுவதால், லாரியின் பக்கப் பலகைகளை உயர்த்திக் குவித்து ஏற்றும் ஆசை எளிதில் எழுகின்றது. 5 மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் பலகையை ஓரடி உயர்த்தினால், கூடும் சல்லியின் எடை ஏறக்குறைய 5 டன். சாலையைச் செப்பனிடக் கொண்டுவரும் கல்லே, அளவு மீறி ஏற்றப்பட்டால், வரும் வழியில் சாலையைக் கெடுத்துவிடுகின்றது.

மிச்சமாகும் ஒரு நடை

அதிக பாரம் ஏற்றுவோர் கூறும் நியாயம், நடைகள் குறைகின்றன, டீசல் மிச்சமாகின்றது என்பதாகும். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலி லாரியின் பின்னச்சுப் பாரம் 3 டன் என்று கொள்வோம். 11.5 டன் வரம்புக்கு உட்பட்டால் ஒரு நடையில் அவ்வச்சின் மீது 8.5 டன் சரக்கு ஏறும். நான்கு நடைகளில் 34 டன். சேதம் நான்கு நடைகளுக்கும் சேர்த்து 15.8 தரநிலை அச்சுகள். அதே 34 டன்னை மூன்று நடைகளில் முடித்தால் ஒவ்வொரு நடையிலும் பின்னச்சுப் பாரம் 14.33 டன் ஆகும். அப்பொழுது மூன்று நடைகளின் சேதம் 28.6 தரநிலை அச்சுகள். காலியாகத் திரும்பும் நடைகளின் சேதம் மிகச் சிறிதாதலால் அதனை விட்டுவிடலாம்.

சரக்கு ஒன்றே, நடை ஒன்று குறைந்தது, சாலையின் சேதம் 1.8 மடங்காயிற்று. குறைந்த நடையின் லாபம் ஒருவரைச் சேர்கின்றது. மிகுந்த சேதத்தின் செலவு வரி செலுத்தும் யாவரையும் சேர்கின்றது. வரம்பை மதித்து நான்கு நடை ஓட்டும் லாரிக்காரரோ போட்டியில் பின்தங்குகின்றார். ஆகவே எடை மேடை சாலையைக் காப்பதோடு, நேர்மையாகத் தொழில் நடத்துவோரையும் காக்கின்றது. பாரம் மிகுந்தால் தடை பிடித்தபின் லாரி நிற்கும் தூரம் நீள்வதாலும், டயர் வெடிக்கும் அபாயம் பெருகுவதாலும், டிரைவரின் உயிரும் இதில் அடங்கியுள்ளது.

எடை பார்க்கும் முறைகள்

வண்டியை எடையிடும் கருவி புதியதன்று. இங்கிலாந்தில் ஜான் வயட் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நெம்புகோல்களை இணைத்து வண்டிகளை நிறுக்கும் யந்திரம் அமைத்தார். அந்நாட்டுச் சுங்கச் சாலைகளில் அளவு மீறிய பார வண்டிகளுக்குக் கூடுதல் வரி விதிக்க இத்தகைய யந்திரங்கள் பயன்பட்டன. இக்காலத்தில் மூன்று வகைச் சாதனங்கள் உள்ளன.

முதலாவது, நிலையான எடை மேடை. எஃகு அல்லது கான்கிரீட் மேடை ஒன்று லோட் செல் எனப்படும் உருளைகளின் மீது நிற்கும். லாரி ஏறியதும் உருளையிலுள்ள உலோகம் கண்ணுக்குப் புலனாகாத அளவு நசுங்குகின்றது. அதன்மீது ஒட்டப்பட்ட மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகின்றது. அம்மாற்றமே எடையாகப் படிக்கப்படுகின்றது. மூன்றினுள் நம்பகமானது இதுவே. ஆண்டுதோறும் இது சட்டமுறை எடையளவுத் துறையினரால் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும்.

இரண்டாவது, எடுத்துச் செல்லக்கூடிய எடைப் பலகைகள். இவற்றைச் சாலையோரத்திற் பரப்பி, ஒவ்வோர் அச்சின் சக்கரங்களையும் அவற்றின் மீது நிறுத்தி எடை காணலாம். எடை மேடையை அறிந்து கிராமச் சாலைகளில் திரும்பிவிடும் லாரிகளைப் பிடிக்க இவை உதவும். கிராமச் சாலைகள் மெல்லியவை. நெடுஞ்சாலையிலிருந்து விலகி ஓடும் மிகை பாரம் அங்கு இன்னும் கொடிய சேதம் விளைவிக்கும்.

மூன்றாவது, ஓடும் வண்டியை எடையிடும் சாதனம். சாலையிற் பதிக்கப்பட்ட உணர் பட்டைகள் சக்கரம் கடக்கும் கணத்திலேயே அச்சின் பாரத்தைக் கூறுகின்றன. வண்டி ஓடும்பொழுது மேலும் கீழும் துள்ளுவதால் இவ்வெடை நிலையான மேடையின் எடையளவு துல்லியமாக இராது. ஆகவே, ஐயத்திற்குரிய லாரியைப் பொறுக்கி எடுக்க இதனைப் பயன்படுத்தி, பின்னர் நிலையான மேடையில் நிறுத்தி உறுதி செய்து கொள்வது முறையாகும்.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு எடை வரம்பை மீறி வண்டி ஓட்டுவதைத் தடுக்கின்றது. 114ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் ஐயத்திற்குரிய சரக்கு வண்டியை எடையிடச் செய்யலாம். போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் உள்ள எடைக் கருவிக்குக் கொண்டு செல்லுமாறு டிரைவரைப் பணிக்கலாம். மிகை பாரம் இருப்பின் அதனை இறக்குமாறு எழுத்து மூலம் உத்தரவிடலாம்.

194ஆம் பிரிவு தண்டனை பற்றியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் அபராதம் 2,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயுமாக இருந்தது. திருத்தத்தின்படி அது 20,000 ரூபாயும், டன்னுக்கு 2,000 ரூபாயும் ஆயிற்று. இறக்கு கூலியும் குற்றம் செய்தவரையே சாரும். எடையிட மறுத்தாலும், எடையிடுமுன் சரக்கைக் குறைத்தாலும் 40,000 ரூபாய் அபராதம். 10 டன் மிகை பாரத்திற்குரிய அபராதமும் அதே 40,000 ரூபாய்தான் என்பதை நோக்குக. பத்து டன்னுக்குக் குறைவாக மீறியவர் எடை மேடைக்கு வராமல் தப்ப முயன்றால் நஷ்டமே அடைவார். வண்டியை ஓட்டியவர் மட்டுமன்றி, ஓட்டச் செய்தவரும் ஓட்ட விட்டவரும் இப்பிரிவுக்கு உட்பட்டவர்.

இறக்கப்படாத சுமை

எடை மேடையின் பயன் எங்கு நிற்கின்றது என்பதை இங்கு அறிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் சில மாநிலங்கள் முன்கூட்டியே ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, மிகை பாரத்தோடு ஓட அட்டைகள் வழங்கின. 2005 நவம்பர் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பரம்ஜித் பாசின் வழக்கில், இம்முறை சட்டத்திற்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. அபராதம் செலுத்தினாலும் மிகை பாரத்தோடு வண்டி தொடர்ந்து செல்லலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2019ஆம் ஆண்டுத் திருத்தமும், மிகை பாரம் இறக்கப்படுமுன் வண்டி நகரலாகாது என்று கூறுகின்றது.

இதன் காரணம் சட்ட நூலில் மட்டுமன்றி மண்ணிலும் உள்ளது. அபராதச் சீட்டு அச்சின் பாரத்தை ஒரு கிலோகூடக் குறைப்பதில்லை. சீட்டைப் பெற்றுக்கொண்டு அதே பாரத்தோடு செல்லும் லாரி, மேடைக்கு அப்பாலுள்ள ஒவ்வொரு மீட்டரையும் முன்போலவே நசுக்கும். ஆகவே சரக்கை இறக்கி வைக்க இடமும், பாதுகாப்பான கொட்டகையும், சுமை தூக்குவோரும், மாற்று லாரி நிற்க வெளியும் இல்லாத எடை மேடை, கணக்கெழுதும் இடமாக மட்டுமே இருக்கும். எடை மேடைக்கு இடம் தேர்வோர் மேடையின் நீளத்தை அளக்குமுன் இறக்கு வெளியின் பரப்பை அளத்தல் நன்று. லாரி புறப்படும் கல் குவாரியிலும், மணற் கிடங்கிலும், துறைமுக வாயிலிலுமே எடை பார்ப்பது இதனினும் சிறந்தது. அங்கு மிகையை இறக்குவது எளிது. கடல் வழிச் சரக்குப் பெட்டகங்களின் எடையைக் கப்பலில் ஏற்றுமுன் உறுதி செய்ய வேண்டும் என்னும் சர்வதேச விதி 2016 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதே ஒழுங்கு சாலைச் சரக்குக்கும் வேண்டுவதே.

களப் பணியாளர் கவனத்திற்கு

1. எடை பார்க்குமிடம் சமதளமாக இருத்தல் வேண்டும். சரிவில் நின்றால் பாரம் ஓர் அச்சிலிருந்து மற்றோர் அச்சுக்கு மாறும்.

2. மொத்த எடையோடு ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே குறிக்க. மொத்தம் வரம்புக்குள் இருந்தும், சரக்குப் பின்னால் குவிந்ததால் ஓர் அச்சு வரம்பை மீறியிருத்தல் கூடும்.

3. அடுத்தடுத்த அச்சுகளைப் பலகைகளால் எடையிடுகையில், அவை யாவும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு செய்க. தடையைத் தளர்த்திய பின்னரே எண்ணைப் படிக்க.

4. டாங்கர் லாரியில் திரவம் அலைவது அடங்கும்வரை பொறுத்திருக்க.

5. நீர் வடியும் மணலின் எடை மிகுதி. கன அளவுச் சீட்டை நம்பி எடையை ஊகிக்கலாகாது.

6. சாலை அமைப்புக்காக அச்சுப் பாரக் கணக்கெடுப்பு நடத்தும்பொழுது, நாளொன்றுக்கு 3,000க்குக் குறைவான சரக்கு வண்டிகள் செல்லும் சாலையில் அவற்றுள் நூற்றுக்கு 20 பங்கும், 6,000க்கு மேற்பட்டவை செல்லும் சாலையில் 10 பங்கும் எடையிடுதல் முறை. பாரம் மிகுந்த வண்டிகளையே பொறுக்கி எடுத்தால் கணக்குப் பிழைபடும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் நான்காம் படியின் ஆற்றலை எளிய பட்டியலால் விளக்கலாம். பாரம் 1 எனில் சேதம் 1. பாரம் 2 எனில் 16. பாரம் 3 எனில் 81. ஈரக் களிமண்ணைத் தட்டில் பரப்பி, அதன்மீது மெல்லிய அட்டையை வைத்து, ஒரு சிறு உருளையைக் குறைந்த பாரத்தோடு இருபது முறையும், மிகுந்த பாரத்தோடு இருபது முறையும் தனித்தனி இடங்களில் உருட்டிக் காட்டலாம். இரு தடங்களின் ஆழத்தையும் மாணவரே அளக்கட்டும். பின்னர்க் களிமண்ணில் நீர் சேர்த்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்தால், மழைக்காலத்தில் சாலைக்கு நேர்வதும் விளங்கும்.

வினாக்கள்

1. 10 டன் அச்சில் 12 டன் ஏற்றினால் சேதம் எத்தனை மடங்காகும்? (விடை: ஏறக்குறைய 2 மடங்கு.)

2. 5 டன் மிகை பாரத்திற்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் யாது? (விடை: 30,000 ரூபாய்.)

3. சில சாலைகளில் கனரக வண்டிகளைத் தடுக்கக் குறுக்கே உயரத் தடை அமைக்கின்றனர். இரும்புக் கம்பி ஏற்றிய தாழ்ந்த லாரி அதன் அடியில் நுழைந்துவிடக் கூடுமா? உயரம், எடை ஆகிய இரண்டில் எதனை அளப்பது தகும்? காரணம் கூறுக.

4. உங்கள் ஊருக்குச் சல்லியும் மணலும் எவ்வழியாக வருகின்றன? அவ்வழியில் மிகை பாரத்தை இறக்கி வைக்கத் தக்க இடம் எது? ஒரு வரைபடத்திற் குறித்துக் காட்டுக.